கன்று போட்ட மாடு சினை பிடிக்க: உடற்கொழுப்பின் வரவு செலவைப் படிக்கும் முழுமையான வழிகாட்டி

கன்று போட்டு 90 நாள் ஆகியும் மாடு பருவத்துக்கு வரவில்லை என்றால் வழக்கமாக என்ன நடக்கும்? கருப்பையைக் கழுவுவார்கள், ஹார்மோன் ஊசி போடுவார்கள், தாது உப்பைக் கூட்டுவார்கள். மாட்டின் முதுகில் கை வைத்துப் பார்ப்பவர் குறைவு. பெரும்பாலான மாடுகளில் பதில் அங்கேதான் இருக்கிறது. அதுவும் இன்றைய முதுகில் மட்டும் இல்லை, கன்று போட்ட அன்று அந்த முதுகு எப்படி இருந்தது, அதற்குப் பிறகு எவ்வளவு கரைந்தது என்பதில் இருக்கிறது.

மாடு மெலிந்திருக்கிறதா கொழுத்திருக்கிறதா என்பதைவிட, கொழுப்பு இறங்கிக்கொண்டிருக்கிறதா ஏறிக்கொண்டிருக்கிறதா என்பதையே சினைப்பை கவனிக்கிறது. கீழே உள்ள படிகள் எல்லாம் இதை அளக்கவும் திருத்தவும்தான்.

உடல் எந்த வரிசையில் செலவழிக்கிறது

தின்ற தீனியின் ஆற்றலை மாடு எல்லா வேலைக்கும் சமமாகப் பங்கிடுவதில்லை. ஷார்ட், ஆடம்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1988இல் ஒரு முன்னுரிமை வரிசையை எழுதிவைத்தார்கள். உயிர் தரிக்க ஆகும் செலவு, நடமாட்டம், வளர்ச்சி, அடிப்படைக் கொழுப்பு இருப்பு, வயிற்றில் ஏற்கெனவே இருக்கும் கரு, பால், கூடுதல் இருப்பு, அதற்குப் பிறகுதான் பருவச் சுழற்சியும் புதிதாகச் சினையாவதும். ஒன்பது இடத்தில் எட்டாவது இடம். ஒன்பதாவது, மிஞ்சியதைக் கொழுப்பாகச் சேர்ப்பது.

பால் முன்னால் நிற்கிறது, பருவம் பின்னால் நிற்கிறது. அதனால்தான் தீனி போதாத மாடு பாலைப் பெரிதாகக் குறைக்காமலே பருவத்தை நிறுத்திவிடுகிறது. மாட்டின் கணக்கில் இதில் தவறே இல்லை. கையில் ஒரு கன்று இருக்கிறது, இன்னொன்றுக்கு இது காலமில்லை.

மற்ற விலங்குகளும் இதே கணக்கைத்தான் போடுகின்றன. பழுப்புக் கரடி கோடையின் தொடக்கத்தில் இணை சேரும். ஆனால் கரு கருப்பையில் ஒட்டாமல் பனிக்காலத் தொடக்கம் வரை மிதந்துகொண்டே காத்திருக்கும். பராமரிப்பில் வளர்ந்த கரடிகளைப் பார்த்தபோது, உடலில் கொழுப்பு ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே இருந்தவை குட்டி போடவில்லை. கறவை மாட்டுக்கு அப்படிக் காத்திருக்கும் வசதி இல்லை, முட்டை வெளிவருவதையே தள்ளிப்போடுவதுதான் அதற்குத் தெரிந்த வழி.

இந்தச் செய்தி மூளைக்கு எப்படிப் போகிறது? சினைப்பைக்குள் முட்டையைச் சுமந்து வளரும் குமிழான முட்டைப்பையை முதிரவைத்து உடைக்கும் எல்.எச். ஹார்மோன் துடிப்புத் துடிப்பாகச் சுரக்கிறது. ஏறத்தாழ மணிக்கு ஒரு துடிப்பு இருந்தால்தான் பெரிய முட்டைப்பை முதிர்ந்து உடையும். இரத்தத்தில் குளுக்கோஸ், இன்சுலின், வளர்ச்சியைத் தூண்டும் ஐ.ஜி.எஃப்.-1 ஹார்மோன் ஆகியவை தாழ்ந்திருந்தால் துடிப்புகளின் இடைவெளி நீளும், முட்டைப்பை வளர்ந்து பாதியிலேயே சுருங்கிவிடும். கொழுப்புச் செல்கள் சுரக்கும் லெப்டினுக்கும் இதில் பங்கு உண்டு. 1994இல் லெப்டினைக் கண்டுபிடிக்கக் காரணமான எலி வகை அதற்குச் சான்று. அந்த எலிகள் உருண்டு திரண்டு கொழுத்திருந்தும் மலடாகவே இருந்தன, ஏனென்றால் அவற்றுக்கு லெப்டின் சுரக்காது. மலை போலக் கொழுப்பு இருந்தும் ‘இருக்கிறது’ என்று மூளைக்குச் சொல்ல ஆளில்லை. வெளியிலிருந்து லெப்டின் கொடுத்ததும் அவை சினையாயின.

படி 1: முதுகைப் படித்து மதிப்பெண் போடுங்கள்

எடை பார்க்கும் தராசு இருந்தாலும் இந்தப் படியைத் தவிர்க்க முடியாது. கன்று போட்ட பிறகு மாடு தின்பது கூடக்கூட வயிற்றில் நிற்கும் தீனியின் எடையும் கூடும். உள்ளே கொழுப்பு கரைந்துகொண்டிருக்கும், தராசு மட்டும் ‘மாற்றமில்லை’ என்று சொல்லும். கொழுப்பைக் கையால்தான் பிடிக்க வேண்டும்.

மதிப்பெண் 1 முதல் 5 வரை, கால் கால் புள்ளியாக. 1 என்றால் எலும்பும் தோலும், 5 என்றால் மிகக் கொழுத்தது. மாட்டைச் சமதரையில், நான்கு காலிலும் எடை ஊன்றி நிற்கும்படி கட்டுங்கள். முதலில் பக்கவாட்டில் நின்று மூன்று இடங்களைப் பாருங்கள்: முன்னால் துருத்தும் இடுப்பு முனை, வாலுக்குப் பக்கத்தில் பின்னால் துருத்தும் புட்ட முனை, இரண்டுக்கும் நடுவே தொடை மூட்டு. இந்த மூன்றையும் இணைக்கும் கோடு தொடை மூட்டில் கூர்மையாக மடிகிறதா, வளைந்து போகிறதா? முழு மதிப்பெண்ணும் இந்த ஒரு கேள்வியிலிருந்து பிரிகிறது.

கூர்ப்பள்ளம் என்றால் மதிப்பெண் 3 அல்லது அதற்குக் கீழ். இப்போது இடுப்பு முனையைத் தடவுங்கள். உருண்டையாக இருந்தால் 3. கோணமாக இருந்தால் புட்ட முனைக்குப் போங்கள். அதன் மேல் மெத்தை போலக் கொழுப்பு இருந்தால் 2.75. முனை கோணமாகத் தெரிந்தாலும் விரலால் அழுத்தும்போது கொஞ்சம் கொழுப்பு அகப்பட்டால் 2.5. எதுவுமே அகப்படாமல் தோலுக்கு அடியில் நேராக எலும்பு என்றால் 2.5க்குக் கீழ். அங்கிருந்து இடுப்புக்கு முன்னால் உள்ள குறு விலாக்களைப் பாருங்கள். முனையிலிருந்து முதுகுத்தண்டு வரையிலான தூரத்தில் பாதிவரை வரிவரியாகத் தெரிந்தால் 2.25, முக்கால்வாசி தெரிந்தால் 2.

வட்டப்பள்ளம் என்றால் 3.25 அல்லது மேல். இப்போது பின்னால் வந்து இரண்டு நார்களைத் தேடுங்கள். முதுகுத்தண்டிலிருந்து இடுப்பு முனைக்குப் போவது ஒன்று, வால் அடியிலிருந்து புட்ட முனைக்குப் போவது மற்றொன்று. இரண்டும் தெளிவாகத் தெரிந்தால் 3.25. முதுகு நார் தெரிந்து வால் நார் மங்கியிருந்தால் 3.5. முதுகு நார் மங்கி, வால் நார் மறைந்திருந்தால் 3.75. இரண்டும் மறைந்தால் 4. தொடை மூட்டுப் பள்ளமே நிரம்பித் தட்டையாகிவிட்டால் 4க்கும் மேல்.

வழக்கமாக நடக்கும் பிழைகள் மூன்று. ஒன்று, வயிற்றைப் பார்த்து மதிப்பெண் போடுவது. வயிறு தீனியையும் கருவையும் காட்டும், கொழுப்பைக் காட்டாது. இரண்டு, அடர்ந்த முடியில் கண்ணை நம்புவது. முடி கால் புள்ளி முதல் அரைப் புள்ளி வரை ஏமாற்றும், அழுத்தித் தடவ வேண்டும். மூன்றுதான் பெரிது: ஒவ்வொரு முறையும் ஒவ்வொருவர் போடுவது. ஒருவரின் 3 இன்னொருவரின் 3.25 ஆக இருக்கலாம். நமக்கு வேண்டியது இரண்டு தேதிகளுக்கு இடையிலான வித்தியாசம், ஆகவே ஒரே கை தொடர்ந்து போட்டால் போதும்.

படி 2: நான்கு தேதிகள், நான்கு மதிப்பெண்கள்

மாட்டுக்கு ஒரு வரி, தேதிக்கு ஒரு கட்டம். பால் வற்றவைக்கும் நாள், கன்று போடும் நாள், கன்று போட்ட 30ஆம் நாள், கருவூட்டலுக்கு முன்னதாகக் கன்று போட்ட 60ஆம் நாள். ஐந்தாவதாக, கறவையின் 200ஆம் நாள் வாக்கில் ஒன்று போட்டால் திருத்துவதற்கு நேரம் கிடைக்கும்.

வற்றவைக்கும்போது 3 முதல் 3.25, கன்று போடும்போதும் அதே அளவு, அதிகம் போனால் 3.5. அதன் பிறகு இறக்கம் அரைப் புள்ளிக்குள் நிற்க வேண்டும். இந்த அரைப் புள்ளி சும்மா சொன்னதில்லை. பட்லர், ஸ்மித் ஆகியோர் 1989இல் வெளியிட்ட கணக்கில், அரைப் புள்ளிக்குக் கீழ் இழந்த மாடுகள் முதல் கருவூட்டலில் 65 சதவீதம் சினை பிடித்தன. அரை முதல் ஒரு புள்ளி இழந்தவை 53 சதவீதம். ஒரு புள்ளிக்கு மேல் இழந்தவை 17 சதவீதம்.

3.75இல் கன்று போட்டு 60ஆம் நாளில் 2.75இல் நிற்கும் மாட்டையும், 3இல் கன்று போட்டு 2.75இல் நிற்கும் மாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துங்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். சினைப்பைக்கு ஒன்றல்ல. கன்று போட்ட நாளின் மதிப்பெண் எழுதப்படாவிட்டால் இந்த இரண்டையும் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

படி 3: ஆற்றல் கணக்கைப் போடுங்கள்

ஒரு கைப்பேசிக் கணிப்பான் போதும். முதலில் எடை. தராசு இல்லையென்றால் முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து புட்ட முனை வரை நீளத்தையும் அங்குலத்தில் அளந்துகொள்ளுங்கள். சுற்றளவை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 660ஆல் வகுத்தால் கிலோவில் எடை. சுற்றளவு 74, நீளம் 60 என்றால் ஏறத்தாழ 498 கிலோ. 500 என்று வைத்துக்கொள்வோம்.

உயிர் தரிக்கும் செலவு எடைக்கு நேர்விகிதத்தில் ஏறாது, எடையின் 0.75 அடுக்கில் ஏறும். கணிப்பானில் 500ஐ மூன்று முறை போட்டுப் பெருக்கி, வர்க்கமூலத்தை இரண்டு தடவை எடுங்கள்: 105.7. இதை 0.10ஆல் பெருக்கினால் 10.6 மெகா கலோரி. பழைய அமெரிக்க அட்டவணையில் (2001) இது 0.08. 2021 திருத்தத்தில் 0.10 ஆக உயர்த்தினார்கள். இப்போதும் பழைய எண்ணில் தீனி போடுகிறவர்கள் தொடங்கும்போதே 2 மெகா கலோரி குறைவாகப் போடுகிறார்கள்.

4 சதவீதக் கொழுப்புள்ள பால் லிட்டருக்கு 0.75 மெகா கலோரி. 20 லிட்டருக்கு 15. மொத்தச் செலவு 25.6.

வரவு: தீனியை ஈரத்தோடு கணக்கிடாதீர்கள், உலர்பொருளாக மாற்றுங்கள். பசுந்தீவனத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் உலர்பொருள், அடர்தீவனத்தில் பத்தில் ஒன்பது. 35 கிலோ பசுந்தீவனம் என்றால் 7 கிலோ உலர்பொருள், கிலோவுக்கு 1.35 வீதம் 9.45. அடர்தீவனம் 7.8 கிலோ என்றால் 7 கிலோ உலர்பொருள், கிலோவுக்கு 1.85 வீதம் 12.95. மொத்தம் 22.4. பற்றாக்குறை நாளுக்கு 3.2.

ஒரு கிலோ உடல் எடை கரைந்தால் சுமார் 4.9 மெகா கலோரி பாலுக்குக் கிடைக்கும். 3.2ஐ 4.9ஆல் வகுத்தால் நாளுக்கு 650 கிராம். 50 நாளில் 33 கிலோ. இந்த அளவுள்ள மாட்டில் ஒரு மதிப்பெண் என்பது 60, 70 கிலோ, ஆகவே இறக்கம் அரைப் புள்ளி. தாங்கக்கூடியது.

இதே மாடு 14 கிலோ உலர்பொருளுக்குப் பதில் 11.5 கிலோ மட்டும் தின்றால்? வரவு 18.4, பற்றாக்குறை 7.2, நாளுக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ கரையும். 50 நாளில் 73 கிலோ. ஒரு புள்ளிக்கு மேல் போய்விட்டது. இரண்டரைக் கிலோ தீனி வித்தியாசத்தில் மாடு 65 சதவீதக் கூட்டத்திலிருந்து 17 சதவீதக் கூட்டத்துக்கு மாறிவிடுகிறது.

ஆகவே அடுத்த இரண்டு படிகளின் நோக்கம் ஒன்றே: கன்று போட்ட மாடு தின்ன வேண்டும்.

படி 4: வற்றுக்காலத்தில் கொழுக்கவும் விடாதீர்கள், இளைக்கவும் வைக்காதீர்கள்

‘கன்று போடப் போகிறது, நன்றாகத் தேற்றி வைப்போம்’ என்று வற்றுக்காலத்தில் அடர்தீவனத்தை அள்ளிப்போடுவதுதான் நல்ல எண்ணத்தில் செய்யப்படும் மிகப்பெரிய கெடுதல். கொழுத்துக் கன்று போடும் மாடு பசியின்றி இருக்கும், தின்னாததை முதுகிலிருந்து எடுக்கும். முதுகிலிருந்து வரும் கொழுப்பு அமிலங்கள் இரத்தத்தில் எவ்வளவு ஏறுகின்றனவோ அந்த அளவுக்குக் கல்லீரல் அவற்றை இழுத்துக்கொள்ளும், வேண்டாம் என்று தள்ள அதற்குத் தெரியாது. வந்ததில் ஒரு பங்கை எரிக்கும், ஒரு பங்கை அரைகுறையாக எரித்துக் கீட்டோன் என்ற பொருளாக மாற்றி இரத்தத்தில் விடும், மீதியைக் கொழுப்பாகவே தன்னுள் சேர்த்துவைக்கும். அசைபோடும் விலங்குகளின் கல்லீரலுக்குச் சேர்த்த கொழுப்பை வெளியே ஏற்றுமதி செய்யும் திறன் மிகக் குறைவு. கொழுப்பேறிய கல்லீரல் குளுக்கோஸ் உற்பத்தியில் பின்தங்கும், மாடு இன்னும் தின்னாது. சுற்றிச் சுற்றி அதே குழி.

வற்றுக்காலம் 45 முதல் 60 நாள். முதல் பகுதியில் நார் மிகுந்த உலர்தீவனத்தை வயிறு நிறையக் கொடுத்து, ஆற்றல் செறிவை உலர்பொருள் கிலோவுக்கு 1.3 மெகா கலோரி வாக்கில் வையுங்கள். கடைசி 21 நாளில் 1.5 வரை ஏற்றலாம். தின்னும் அளவு உடல் எடையில் ஏறத்தாழ 2 சதவீதம், அதாவது நம் 500 கிலோ மாட்டுக்கு 10 கிலோ உலர்பொருள். கடைசி மூன்று வாரத்தில் இது மூன்றில் ஒரு பங்கு வரை தானாகவே குறையும், பெரும்பகுதி கடைசி வாரத்தில். அந்த வாரத்தில் இடம் மாற்றுவது, புதிய மாடுகளோடு சேர்ப்பது, தொட்டிக்கு நெரிசல் ஏற்படுத்துவது எதுவும் வேண்டாம்.

மாடு ஏற்கெனவே 4இல் வற்றியிருந்தால்? பட்டினி போட்டு இளைக்கவைக்கத் தோன்றும். செய்யாதீர்கள். வயிற்றில் கரு வேகமாக வளரும் காலம், தீனியைக் குறைத்தால் கொழுப்பு அப்போதே கல்லீரலை நோக்கிக் கிளம்பிவிடும். இருக்கும் மதிப்பெண்ணிலேயே நிறுத்தி, கன்று போட்ட பிறகு கீட்டோன் சோதனையை இரட்டிப்புக் கவனத்தோடு செய்யுங்கள். இளைக்கவைக்க வேண்டிய காலம் கறவையின் பின்பகுதி, அது கடந்துபோய்விட்டது.

படி 5: கன்று போட்ட முதல் மூன்று வாரம்

ஒரு லிட்டர் பாலுக்கு மடி 72 கிராம் குளுக்கோஸ் கேட்கும். 20 லிட்டருக்கு 1,440 கிராம். மாடு தின்னும் மாவுச்சத்தில் பெரும்பகுதி முதல் வயிற்றிலேயே நுண்ணுயிர்களால் அமிலமாகிவிடுவதால், இந்த ஒன்றரைக் கிலோவையும் கல்லீரல்தான் தயாரிக்க வேண்டும். ஆனால் அடர்தீவனத்தை ஒரேயடியாக ஏற்றினால் முதல் வயிறு புளித்துவிடும். இரண்டு நாளுக்கு ஒரு முறை அரைக் கிலோ வீதம் ஏற்றுங்கள். ஒரு வேளைக்கு இரண்டரைக் கிலோவுக்கு மேல் வேண்டாம், மூன்று நான்கு வேளையாகப் பிரியுங்கள். மொத்த உலர்பொருளில் அடர்தீவனம் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சாணம் நுரைத்து இளகினால், அசைபோடுவது குறைந்தால், ஏற்றுவதை நிறுத்தி நார்த்தீவனத்தைக் கூட்டுங்கள்.

முதல் வயிற்றில் கரையாமல் கடந்துபோகும் பைபாஸ் கொழுப்பு கொடுக்கலாமா என்ற கேள்வி எப்போதும் வரும். கொடுக்கலாம், தீனியின் மொத்தக் கொழுப்பு உலர்பொருளில் 6 சதவீதத்துக்குள் நிற்கும் வரை. ஆனால் அந்த ஆற்றல் முதுகுக்குப் போகாமல் பாலுக்கே போவதும் உண்டு. சாதாரண எண்ணெயை ஊற்றுவது வேறு கதை, அது நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்களைக் கெடுக்கும்.

3ஆம் நாளிலிருந்து 14ஆம் நாளுக்குள் இரண்டு முறை இரத்தக் கீட்டோன் பாருங்கள். கையடக்கக் கருவியில் ஒரு சொட்டு இரத்தம் போதும். லிட்டருக்கு 1.2 மில்லிமோல் அல்லது மேலே இருந்தால், வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் மறைமுகக் கீட்டோசிஸ், அதாவது கீட்டோன் மிகும் நோய். மருத்துவர் ஆலோசனையோடு புரொப்பிலீன் கிளைக்கால் நாளுக்கு ஒருமுறை 300 மி.லி. வீதம் 5 நாள் வாய்வழி கொடுப்பது வழக்கமான சிகிச்சை. ஊற்றும்போது தலையை அளவுக்கு மீறித் தூக்காதீர்கள், நுரையீரலுக்குள் போய்விட்டால் மாடு தங்காது.

கருவி இல்லையென்றால் பால் சோதனையே ஒரு கருவி. கொழுப்புச் சதவீதத்தைப் புரதச் சதவீதத்தால் வகுங்கள். 1.5க்கு மேல் போனால் முதுகுக் கொழுப்பு கரைந்து பாலில் வருகிறது என்று பொருள். கன்று போட்ட இரண்டாம் வாரத்தில் கொழுப்பு 5ஐத் தொட்டு, புரதம் 3இல் நின்றால் 1.67. பாலுக்கு நல்ல விலை கிடைக்கிறது என்று மகிழ்ந்துகொண்டிருக்கும்போது மாடு தன்னையே கறந்துகொடுத்துக்கொண்டிருக்கும். 1க்குக் கீழே இறங்கினால் எதிர்ப்பக்கம், முதல் வயிறு புளித்திருக்கலாம். இந்தக் கணக்கு பசுவுக்கு மட்டும், எருமைப் பாலில் கொழுப்பு இயல்பாகவே அதிகம்.

படி 6: பருவமும் கருவூட்டலும்

ஆற்றல் பற்றாக்குறை முதல் இரண்டு வாரத்தில் அடிமட்டத்தைத் தொட்டு, 6 முதல் 10 வாரத்துக்குள் சமநிலைக்கு வரும். அடிமட்டத்தைத் தாண்டி மேலேறத் தொடங்கிய 10, 14 நாளில் முதல் முட்டை வெளிவருவது வழக்கம். சமநிலைக்கு வர வேண்டியதுகூட இல்லை, திசை மாறினாலே போதும். இந்த முதல் முறை பெரும்பாலும் பருவ அறிகுறி இல்லாமலே கடந்துவிடும்.

50, 60 நாள் காத்திருந்து கருவூட்டுவதற்குக் கருப்பை சுருங்குவது மட்டும் காரணமில்லை. ஒரு முட்டைப்பை வளரத் தொடங்கி உடைவதற்கு இரண்டு மூன்று மாதம் ஆகிறது. 60ஆம் நாளில் வரும் முட்டை, பற்றாக்குறை உச்சத்தில் இருந்தபோது வளரத் தொடங்கியது. பெரும் இறக்கம் கண்ட மாட்டில் பருவம் வந்தும் சினை நிற்காததை 1992இல் பிரிட் என்ற ஆய்வாளர் இப்படித்தான் விளக்கினார். அப்படிப்பட்ட மாட்டுக்கு ஒரு பருவம் விட்டு அடுத்ததில் கருவூட்டுவதே பல நேரம் லாபம்.

60 நாள் தாண்டியும் பருவம் தெரியவில்லையென்றால் ஊசிக்கு முன் சினைப்பையைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். முட்டை வெளிவந்த இடத்தில் உருவாகும் மஞ்சள் உடலம் இருந்தால் மாடு சுழற்சியில்தான் இருக்கிறது, நாம்தான் பருவத்தைத் தவறவிட்டோம். அதற்குத் தீனியைக் கூட்டிப் பயனில்லை. காலையும் மாலையும் அரை மணி நேரம், தீனி வைக்காத வேளையில் நின்று பார்க்க வேண்டும். சினைப்பை இரண்டும் சிறுத்து வழவழப்பாக இருந்தால் அது ஆற்றல் பிரச்சினை. மதிப்பெண் 2.5க்குக் கீழே உள்ள மாட்டுக்கு ஹார்மோன் திட்டம் பருவத்தைக் கொண்டுவந்தாலும் சினை பிடிப்பு குறைவாகவே இருக்கும். இறக்கத்தை முதலில் நிறுத்துங்கள்.

கன்று தாயோடு விட்டு ஊட்டப்படும் மாட்டில் இன்னொரு பூட்டும் உண்டு. கன்று ஊட்டுவதும் அருகிலேயே இருப்பதும் எல்.எச். துடிப்பைத் தனியாக அடக்கும். நாளுக்கு இரண்டு முறை மட்டும் ஊட்டவிட்டால் அந்தப் பூட்டு தளரும், ஆனால் மாடு 2இல் நின்றால் அதுவும் எடுபடாது.

படி 7: இழந்ததைத் திருப்ப வேண்டிய காலம்

கறவையில் இருக்கும் மாடு தீனி ஆற்றலைக் கொழுப்பாக மாற்றும் திறன் ஏறத்தாழ 75 சதவீதம், வற்றிய மாட்டில் 60. ஆகவே 200ஆம் நாளில் 2.5இல் நிற்கும் மாட்டை வற்றுவதற்குள் 3க்குக் கொண்டுவர வேண்டும். அரைப் புள்ளி என்பது 30 கிலோ சொச்சம், 100 நாளில் நாளுக்கு 300 கிராம். கிலோவுக்கு 6 மெகா கலோரி என்று வைத்தால் நாளுக்கு 1.8, அதாவது பாலுக்குப் போடுவதற்கு மேல் ஒரு கிலோ அடர்தீவனம். அதே நாளில் 3.5க்கு மேல் நிற்கும் மாட்டுக்கு அந்த ஒரு கிலோவைக் குறையுங்கள். பால் வடிவது குறைந்தும் சினை பிடிக்காமல் நீண்டநாள் நிற்கும் மாடுதான் இப்படிக் கொழுக்கும், அடுத்த ஈற்றில் அதே மாடுதான் கீட்டோசிஸில் விழும்.

எருமை, கிடேரி, ஆடு

எருமைத் தோல் தடித்தது. கண்ணால் மதிப்பெண் போட்டால் எப்போதும் கூடுதலாகவே விழும், விரலால் அழுத்துங்கள். 7 சதவீதக் கொழுப்புள்ள எருமைப் பால் லிட்டருக்கு 1.07 மெகா கலோரி, 10 லிட்டர் எருமைப் பால் 14 லிட்டர் பசும்பாலுக்குச் சமமான செலவு. லிட்டரைப் பார்த்துத் தீனி போட்டால் கால் பங்குக்கு மேல் குறைந்துபோகும்.

கிடேரிக்கு வயதைவிட எடைதான் கணக்கு. முதிர்ந்த பசுவின் எடையில் 55 சதவீதம் எட்டியதும் சினைப்படுத்தலாம், கன்று போட்டதும் 82 சதவீதமாவது இருக்க வேண்டும். முதல் ஈற்றுப் பசு பாலோடு வளர்ச்சிக்கும் செலவழிக்கிறது, முன்னுரிமை வரிசையில் வளர்ச்சி பாலுக்கும் முன்னால். பெரிய மாடுகளோடு ஒரே தொட்டியில் விட்டால் தள்ளப்பட்டுப் பின்னால் நிற்பதும் அதுதான்.

செம்மறியில் மதிப்பெண்ணை இடுப்பு முதுகெலும்பில் விரல் வைத்துப் போட வேண்டும், கம்பளியில் கண் உதவாது. கிடாவிடும் நாளில் 3 முதல் 3.5 இலக்கு. 2.5 வாக்கில் இருக்கும் பெட்டைகளுக்குக் கிடா விடுவதற்கு மூன்று வாரம் முன்பிருந்து நாளுக்கு 300, 400 கிராம் தானியம் கூடுதலாகக் கொடுத்தால் உதிரும் முட்டைகளின் எண்ணிக்கை கூடி இரட்டைக்குட்டி பெருகும். ஏற்கெனவே 3.5இல் இருப்பவற்றுக்கு இது வீண் செலவு. கிடா விட்ட பிறகும் இரண்டு மூன்று வாரம் தொடருங்கள். திடீரென்று நிறுத்தினால் ஒட்டாத கருக்கள் கலையும்.

இரட்டை சுமக்கும் ஆட்டுக்குக் கடைசி ஆறு வாரம் ஆபத்தானது. கருவின் வளர்ச்சியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அப்போதுதான் நடக்கிறது, குட்டிகள் வயிற்றை நெருக்குவதால் தீனிக்கு இடமும் குறைகிறது. ஒருநாள் தீனி தவறினால்கூடக் கீட்டோன் ஏறி ஆடு படுத்துவிடும், மெலிந்ததும் படுக்கும், மிகக் கொழுத்ததும் படுக்கும். வெள்ளாட்டில் முதுகை மட்டும் நம்ப முடியாது, அது கொழுப்பை முதலில் வயிற்றுக்குள் குடலைச் சுற்றிச் சேர்க்கும். முன்னங்கால்களுக்கு நடுவே கைவிட்டு மார்பெலும்பின் மேல் உள்ள கொழுப்புத் திட்டைப் பிடித்துப் பாருங்கள். பக்கவாட்டில் அசைந்துகொடுக்கும் தடித்த திட்டு அகப்பட்டால், முதுகு எலும்பாகத் தெரிந்தாலும், உள்ளே இருப்பு இருக்கிறது.